லிட்டருக்கு ஒரு கிராம்

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை என்னால் சொல்ல முடியும். சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். வயதில் எனக்கு இரண்டு வருஷம் சின்னவர். ஒரே வீட்டில் பெண் எடுத்ததோடு விட்டிருந்தால், வருஷத்தில் இரண்டு மூன்று முறை பார்த்து, பல்லைக் காட்டிவிட்டுப் பிரிந்திருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்ற செய்தியை நானே அவர் காதில் போட்டேன். மாமனார் கேட்டுக்கொண்டார், மறுக்க முடியவில்லை. வேலையில் சேர்ந்த அன்றே அவருக்கு என் பக்கத்து மேசையைக் கொடுத்துவிட்டார்கள். ஆறு வருஷமாக எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒன்றரை அடி இடைவெளியும் ஒரு குப்பைக் கூடையும்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் புதிதாக ஏதாவது ரசாயனம் தயாரித்தால், அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று நாங்கள் அளந்து சொல்லவேண்டும். மழையில் கரைந்து ஓடுமா, கிணற்றில் இறங்குமா, மீனுக்கு ஆகுமா என்பதையெல்லாம் எங்கள் எண்ணை வைத்துத்தான் வேறு யாரோ வேறு எங்கேயோ முடிவு செய்வார்கள். முறை எளிது. மூன்று குடுவையில் தண்ணீர் ஊற்றி, கரையக்கூடியதற்கு மேலாகவே தூளைப் போடவேண்டும். அடியில் கொஞ்சம் கரையாமல் மிஞ்சியே ஆகவேண்டும். பிறகு குடுவைகளை வெதுவெதுப்பான தொட்டியில் வைத்துக் குலுக்கவேண்டும். ஒன்றை ஒரு நாளும் அடுத்ததை இரண்டு நாளும் மூன்றாவதை மூன்று நாளும் குலுக்கி எடுத்து, ஒரு நாள் ஆறவிட்டு, தூளைச் சுழற்றிப் பிரித்து, மேலே நிற்கும் தெளிந்த நீரில் எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்க்கவேண்டும். கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால், தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டதாக அர்த்தம். எண் ஏறிக்கொண்டே போனால் மறுபடியும் முதலிலிருந்து.

எனக்கு ஏறிக்கொண்டே போகும்.

சில தூள்கள் அப்படித்தான். சோம்பேறிகள். முதல் நாள் ஆறு, இரண்டாம் நாள் ஏழரை, மூன்றாம் நாள் ஒன்பது. மறுபடி நாலைந்து நாள் குலுக்கினால்தான் ஒரு முடிவுக்கு வரும். ஆனால் அதற்குள் இயக்குநருக்குப் பொறுமை போய்விடும். "இதைப் பக்கத்து மேசைக்குக் குடுத்துடுங்க" என்பார். பக்கத்து மேசைக்காரர் அதே தூளை வாங்கி, நாலே நாளில் முடித்துவிடுவார். 1.00, 1.00, 1.00. லிட்டருக்கு ஒரு கிராம். மூன்று குடுவையும் ஒரே எண். வேறொரு தூள் கொடுத்தால் 0.50, 0.50, 0.50. நான் பார்த்தபோது ஒன்பது கிராம் கரைந்த தூள் இவரிடம் எப்படி ஒரு கிராமோடு நின்றது என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கோளாறு என் கையில் என்றுதான் ஆறு வருஷம் நம்பினேன். அவருடைய விரல்களைப் பார்ப்பேன். மூடியை இடது கையால் திறக்கிறாரா, வலது கையால் திறக்கிறாரா என்று பார்ப்பேன். வயிறு எரியும்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு அளவுகருவி காத்திருக்கும்.

"தங்கச்சி போன் பண்ணா. அவருக்கு மூணும் ஒண்ணாவே வந்துடுச்சாம். உங்களுக்கு?"

"வரும்."

"எப்ப?"

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் கிடையாது. நான் கால் கழுவப் போய்விடுவேன்.

எங்கள் ஆய்வகத்தின் நுழைவாயிலில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. 'ஒத்திசைவே உண்மை' என்று அதில் பித்தளை எழுத்துகளில் பதித்திருக்கிறார்கள். அதைப் பதித்தவர் இயக்குநர். அவர் இயக்குநர் மட்டுமல்ல. ஒத்திசைவுக் குழுவின் தலைவரும் அவர்தான், தூய்மைக் குழுவின் தலைவரும் அவர்தான். மூன்று பதவிக்கும் மூன்று ரப்பர் முத்திரை வைத்திருந்தார். எந்த முத்திரை கையில் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி குரலும் கொஞ்சம் மாறும்.

புதன்கிழமை காலை தூய்மைக் குழுத் தலைவராக வருவார். மேசை மேசையாகக் குடுவைகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். அடியில் ஏதாவது தங்கியிருந்தால் சிவப்பு வில்லை ஒட்டுவார். அடியில் தூள் தங்கவேண்டும் என்பது ஆய்வு முறை. தங்கக்கூடாது என்பது தூய்மைச் சுற்றறிக்கை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஒருவரே என்பதால் இரண்டும் முரண்படவில்லை என்று எங்களுக்கு விளக்கப்பட்டது. என் குடுவைகளுக்குச் சிவப்பு வில்லை விழாத புதன்கிழமை கிடையாது. எனக்குக் 'கலங்கல்' என்று பெயரே வைத்துவிட்டார். சகலைக்குத் 'தெளிவு' என்று பெயர். "நம்ம தெளிவு எங்கே?" என்று வாஞ்சையோடு கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். என்னிடம் வரும்போது, "என்ன கலங்கல், இன்னும் குலுக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்பார்.

வில்லை ஒட்டும் வேலை முடிந்ததும் உரை.

"ஒரு குடுவை பேசினா அது வதந்தி. ரெண்டு குடுவை பேசினா அது அபிப்பிராயம். மூணு குடுவையும் ஒண்ணையே சொல்லுச்சுன்னா அதுதான் விஞ்ஞானம். நான் பொறுப்பேத்துக்கிட்டப்ப இந்த ஆய்வகத்துல உண்மைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆனா அது தினம் ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப பாருங்க. வருஷக்கணக்கா அசையாம ஒரே இடத்துல நிக்குது. நிக்க வெச்சது யாரு?"

கைதட்டிவிட்டுக் கலைவோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் முதுநிலை ஆய்வாளர் பதவி காலியானது. இருந்ததே ஒன்றுதான். தனி அறை, கதவில் பெயர், உள்ளே சுழல் நாற்காலி. விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். யார் யார் என்று சொல்லத் தேவையில்லை. என் மனைவி அந்த வாரம் முழுக்கத் தன் தங்கையோடு போனில் பேசவில்லை. தங்கையும் பேசவில்லை. மாமனார் மட்டும் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்து, "யாருக்குக் கிடைச்சாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். அவர் யாரை நினைத்துச் சொல்கிறார் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சம்பளத்துக்காகக்கூட இல்லை. சகலை அதில் உட்காரக்கூடாது. அவ்வளவுதான் என் லட்சியம்.

விஷயம் வெளிப்பட்டது கழுவுத் தொட்டியில். குடுவைகளைக் கழுவும் அக்கா ஒருத்தர் இருக்கிறார். ஆய்வகத்தில் உள்ள அத்தனை குடுவையும் கடைசியில் அவர் கைக்குத்தான் போகும். ஒரு நாள் நான் என் குடுவைகளைக் கொண்டுபோய் வைத்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க குடுவையைக் கழுவுறதுக்குள்ள என் கை ஓஞ்சு போவுது. அடியில அப்பிக்கிட்டு வரவே மாட்டேங்குது. பக்கத்து சார் குடுவையைப் பாருங்க. ரெண்டு அலசு. முடிஞ்சுது."

இதிலுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. "அவரு ஏதாவது போட்டு ஊறவெச்சுக் குடுக்கிறாரா?" என்றேன்.

"ஊறவைக்க அதுல என்ன இருக்கு? வெறும் தண்ணி."

"வெறும் தண்ணியா? அடியில கொஞ்சம்கூடத் தூள் இருக்காதா?"

"அவரு வந்த நாள்லேர்ந்து நான்தானே கழுவுறேன். ஒரு துளி இருந்ததில்ல சார். தங்கமான மனுஷன்."

நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சகலை லிட்டருக்கு ஒரு கிராம் போடுகிறார். அது முழுதும் கரைந்துவிடுகிறது. கருவியில் பார்க்கிறார். ஒரு கிராம் இருக்கிறது. இருக்காமல் எங்கே போகும்? மூன்று குடுவையிலும் ஒரே அளவு போட்டால் மூன்றிலும் ஒரே அளவு வரத்தானே செய்யும்? ஒரு கிராம் கரையாவிட்டால் அரை கிராம் போட்டுப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரே ஒரு கவளம் வைத்து, அவர் அதை முழுதும் சாப்பிட்டதைப் பார்த்து, இவர் வயிறு கொள்வது ஒரு கவளம்தான் என்று எழுதிவைத்த மாதிரி. தூள் இன்னும் எவ்வளவு கரையத் தயாராக இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. ஆறு வருஷமாகத் தராசு சொன்னதைக் கருவியிடம் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறார். நான் அதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் கிணறு, மண், மீன் இதெல்லாம் என் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பொய் சொல்வானேன், வரவில்லை. சுழல் நாற்காலி வந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினேன். இயக்குநர் அதை ஒத்திசைவுக் குழுத் தலைவர் என்ற முறையில் தனக்கே அனுப்பிவைத்து, பெற்றுக்கொண்டு, என்னைக் கூப்பிட்டார்.

"தெளிவோட எண்கள் தப்புங்கறீங்களா?"

"ஆமா சார்."

"மூணும் ஒத்துப்போகுதே?"

"அதனாலதான் சார் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை என்று தெரிந்தது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி. ரெண்டு பேரும் ஒரே தூளை எடுத்துக்குங்க. பக்கத்துப் பக்கத்துல வெச்சு, குழு முன்னால செஞ்சு காட்டுங்க. பதவி யாருக்குங்கறதையும் அதுலயே பார்த்துடலாம்" என்றார்.

திங்கட்கிழமை தொடங்கியது. குலுக்கும் தொட்டியைச் சுற்றி ஐந்து நாற்காலி போட்டுக் குழு உட்கார்ந்தது. சகலை தராசில் ஒரு சிட்டிகைத் தூளை நிறுத்துப் போட்டார். நான் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டேன். குழு உறுப்பினர் ஒருவர், "இவருக்கு வீட்டுல சாப்பாடு எப்படி?" என்று இன்னொருவரிடம் கேட்டது காதில் விழுந்தது.

முதல் தகராறு குலுக்கலில் வந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் சாட்சி வேண்டும் என்றார் இயக்குநர். ஓர் எழுத்தரை உட்காரவைத்தார்கள். இயந்திரம் நிமிஷத்துக்கு நூறு தடவை ஆடும். எழுத்தர் முதல் நிமிஷத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் கோடு போடும் வேகத்துக்கு இயந்திரத்தைக் குறைக்கும்படி உத்தரவாயிற்று. நிமிஷத்துக்கு ஒன்பது. எழுத்தர் மதியம் சாப்பிடப் போனபோது இயந்திரத்தை நிறுத்தினார்கள். தும்மினாலும் நிறுத்தினார்கள். சாட்சி இல்லாமல் குலுங்கினால் அது குலுக்கலில் சேராது என்று குழு தீர்மானம் போட்டது. சாயங்காலம் அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது, அவருடைய மச்சானைச் சாட்சியாக நியமித்தார்கள்.

இப்படித் தாலாட்டுகிற வேகத்தில் என் தூள் எங்கே கரையப் போகிறது, எண்கள் எங்கே ஒத்துவரப் போகின்றன? சகலைக்குக் கவலையே இல்லை. அவருடைய சிட்டிகை முதல் மணி நேரத்திலேயே கரைந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்க்க நல்ல பிள்ளையாக இருந்தார்.

புதன்கிழமை இரண்டாம் தகராறு. அன்று இயக்குநர் தூய்மைக் குழுத் தலைவர். வழக்கம்போல வந்தார், தொட்டியில் மிச்சமிருந்த என் மூன்றாம் குடுவையைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பு வில்லையை ஒட்டினார். சிவப்பு வில்லை விழுந்த குடுவையை உடனே கழுவ அனுப்பவேண்டும் என்பது விதி.

"சார், இது உங்க சோதனைதான் சார்! ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்று கெஞ்சினேன்.

"சோதனை ஒத்திசைவுக் குழுவோடது. அவங்க வேணும்னா எழுத்து மூலமா எங்ககிட்ட கேக்கட்டும்" என்றார்.

பிறகு தன் அறைக்குப் போய், ஒத்திசைவுக் குழுத் தலைவராக, தூய்மைக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அதுவரைக்கும் என் குடுவை கழுவுத் தொட்டியின் விளிம்பில், அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் பக்கத்திலேயே காவல் நின்றேன். சாட்சி எழுத்தரும் என்னோடு வந்து நின்றார். அன்று சாயங்காலம் பதில் வந்தது. இந்த ஒரு முறை மட்டும் விதிவிலக்கு அளிப்பதாகவும், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் அதில் இருந்தது. இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன. அந்த ஒத்திசைவை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கருவியில் பார்த்தோம்.

சகலை: 1.00, 1.00, 1.00.

நான்: 38.1, 38.4, 38.3.

என் கண்ணை நானே நம்பவில்லை. இத்தனை தொல்லைக்கும் நடுவில் அந்தத் தூள் மட்டும் சமர்த்தாகக் கரைந்து, அடியில் மிச்சத்தையும் வைத்துவிட்டு, ஆறு வருஷத்தில் முதல் முறையாக என் மூன்று குடுவைகளையும் ஒன்றாகப் பேசவைத்திருந்தது. திரும்பிச் சகலையைப் பார்த்தேன். முகம் சுண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் சோறில்லாமல் இருந்திருப்பேன்.

இயக்குநர் படிவத்தை எடுத்து விரித்தார். பேனாவைத் திறந்தார். எழுதாமல் நிறுத்தினார்.

"முப்பத்தெட்டா?"

"ஆமா சார்."

"இதை எங்கே எழுதறது?"

"கட்டத்துல சார்."

"எந்தக் கட்டத்துல? புள்ளிக்கு முன்னால ஒரு கட்டம்தானே இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு கட்டம், ஒரு புள்ளி, இரண்டு கட்டம். எனக்கு முன்பு எப்போதாவது கடைசி இரண்டு குடுவை மட்டும் ஒத்துவந்த நாலைந்து எண்ணும் பத்துக்குக் கீழே இருந்ததால் நான் இதைக் கவனித்ததே இல்லை.

"ரெண்டு இலக்கத்தையும் ஒரே கட்டத்துல நெருக்கி எழுதிடலாம் சார்."

"நெருக்கி எழுதறதா?" அவர் குரல் உயர்ந்தது. "இந்தப் படிவத்தை அச்சடிக்கறதுக்கு முன்னாடி பதினாலு கூட்டம் போட்டோம். தண்ணிக்கு எவ்ளோ இடம் தேவைப்படும்னு யோசிச்சுத்தான் கட்டம் போட்டோம். ரெண்டு இலக்கம் வேணும்னா, இத்தனை வருஷத்துல தெளிவுக்கு ஒரு தடவையாவது தேவைப்பட்டிருக்காதா? உங்க எண் தப்புன்னு நான் சொல்லலை. அதுக்கு இங்க இடம் இல்லைன்னுதான் சொல்றேன்."

நான் விடவில்லை. "சார், அவரு குடுவையைப் பாருங்க. அடியில ஒண்ணுமே இல்ல. போட்டதெல்லாம் கரைஞ்சு தீர்ந்துபோச்சு. எவ்ளோ கரையும்னு அதுல எப்படித் தெரியும்? இன்னைக்குன்னு இல்ல, ஆறு வருஷமா இப்படித்தான் பண்றாரு."

"ஆறு வருஷமாவா? ஆதாரம் இருக்கா?"

இந்த இடத்தில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. சகலையின் கைராசிக்கு என்ன ரகசியம் என்று கண்டுபிடிப்பதற்காக, அவர் செய்வதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிவந்த நோட்டு. என்ன சட்டை, எந்தக் கை, எத்தனை மணி. மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து நீட்டினேன். இயக்குநர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார்.

"'செவ்வாய், பதினொன்று பத்து. சகலை குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் எதுவும் இல்லை. நீலச் சட்டை. சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்?'"

சாட்சி எழுத்தர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடியில் எதுவும் இல்லை என்று நானே பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். எழுதியவனுக்கு உறைக்கவில்லை. சட்டை நிறத்தில்தான் சூட்சுமம் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது சகலை எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. தன் மேசை இழுப்பறையைத் திறந்து, அட்டை போட்ட நாலு நோட்டுகளை எடுத்துக் கொண்டுவந்து வைத்தார்.

"சார், நானும் எழுதியிருக்கேன்."

"என்னது?"

"அவரைப் பத்தி."

இயக்குநர் அதே தேதியைத் தேடினார். தேடத் தேவைப்படவில்லை. நோட்டின் பின்னால் பொருளடக்கம் இருந்தது.

"'செவ்வாய், பதினொன்று பத்து. சகலை என் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து மழுப்பினேன். அவர் குடுவையில் அடியில் கனமாகத் தூள். மூன்று நாள் குலுக்கியும் தீரவில்லை. அவருக்கு மட்டும் இவ்வளவு தூளை யார் கொடுக்கிறார்கள்?'"

நான் வாயைப் பிளந்தேன். "என்ன சகலை இது? என்கிட்ட பொறாமைப்பட என்ன இருக்கு?"

"என்ன இல்லை சகலை?" அவருக்குக் குரல் கம்மியது. "ஒரே தூளை வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்றீங்க. நான் ஒரு சிட்டிகையைப் போட்டுட்டு, உங்களுக்கு முன்னாடி முடிச்சாத்தான் எனக்கு மரியாதைன்னு ஓடறேன். வீட்டுல என்ன பேச்சு தெரியுமா? அக்கா வீட்டுக்காரரு ஆழமா பார்க்கறாராம், நீங்க அஞ்சு மணிக்கே வந்து டிவி முன்னால உட்கார்ந்துடறீங்களேன்னு."

இதைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோயிருக்கவேண்டும். எனக்கு முதலில் தோன்றியது, இவருக்கு எதற்குப் பொருளடக்கம் என்பதுதான்.

இயக்குநரின் கவனம் எங்கள் மேல் இல்லை. இருவருடைய நோட்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தேதிக்குத் தேதி, நிமிஷத்துக்கு நிமிஷம் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். குழுவின் மற்ற நாலு பேரும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன் என்று நான் எழுதிய நேரமும், நான் அவரைப் பார்த்தேன் என்று அவர் எழுதிய நேரமும் பொருந்தின. அவர் என்னைப் பார்த்த நேரங்களும் பொருந்தின. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இயக்குநர் நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த ஆய்வகத்தோட சரித்திரத்துலயே இப்படி ஒரு ஒத்திசைவு வந்ததில்ல. ரெண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, ஆறு வருஷம் எழுதி, ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க. நான் அந்தப் பலகையை வாசல்ல வெச்சப்ப சிரிச்சவங்க இருக்காங்க. எல்லாரும் வந்து பார்க்கட்டும். தூள் கரையும், தண்ணி வத்தும், ஆளுங்க ஓய்வு பெறுவாங்க. ஆனா ரெண்டு பதிவு ஒத்துப்போச்சுன்னா, எதைப் பத்திங்கறது ஒரு விஷயமே இல்ல!"

குடுவைகளை எடுத்துப்போக வந்த அக்கா, கூடையோடு கதவருகில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு இவரைப் பார்த்திருக்காரு. இவரு அவரைப் பார்த்திருக்காரு. அப்ப குடுவையை யாருங்க பார்த்தது?" என்றார்.

"அந்தம்மா சொன்னது நடவடிக்கைக் குறிப்புல வேண்டாம்" என்றார் இயக்குநர் எழுத்தரிடம்.

தீர்ப்பை அங்கேயே வாசித்தார். தூளின் கரைதிறன் லிட்டருக்கு ஒரு கிராம் என்று பதிவு செய்யப்படும். என் முப்பத்தெட்டு ஒரு உறையில் போடப்பட்டு, படிவத்தில் கட்டம் கூட்டுவது பற்றி ஆராய அமைக்கப்படவிருக்கும் குழுவின் பார்வைக்காகப் பத்திரமாக வைக்கப்படும். பழைய எண்களைப் பற்றிய என் புகார், அவை ஒத்துப்போவதால், தள்ளுபடி. முதுநிலைப் பதவியைப் பொறுத்தவரை, இருவரின் குடுவைகளும் தத்தமக்குள் ஒத்துப்போய்விட்டதால் குடுவையை வைத்து முடிவு செய்ய வழியில்லை. ஆகவே பதிவேடுகளின் தரத்தை வைத்து முடிவு செய்யப்படுகிறது. ஒருவருடையது நாலு தொகுதி, அட்டை, பக்க எண், பொருளடக்கம். மற்றவருடையது ஒரே நோட்டு, பல இடங்களில் காப்பிக் கறை.

சகலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் ஏதோ ஒரு குற்ற உணர்வு இருந்த மாதிரி தெரிந்தது. அதையும் அவர் எங்கேயாவது எழுதிவைத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வீட்டுக்குப் போனபோது மனைவி கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தையே பார்த்தாள்.

"யாருக்கு?"

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு."

உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள் சத்தமாக இடம் மாறின. எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே போய், நடந்ததை முழுதும் சொன்னேன். தூள், படிவம், கட்டம் எதையும் அவள் காதில் வாங்கவில்லை. நோட்டு விஷயம் வந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரா? நம்மளைப் பார்த்தா?"

"நம்மளைப் பார்த்துத்தான். ஆறு வருஷமா. வயிறெரிஞ்சு வயிறெரிஞ்சு எழுதியிருக்காரு."

"மறுபடி சொல்லுங்க."

மறுபடியும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்வேன். கல்யாண ஆல்பத்தில்தான் அப்படி ஒரு முகம் பார்த்திருக்கிறேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கேட்காமலேயே காப்பி கலந்து கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அவ வீட்டுலயும் உங்களைப் பத்தித்தான் பேச்சாமா? ஆழமா பார்க்கறீங்கன்னு சொன்னாளாமா?"

"அவரே எல்லார் முன்னாடியும் சொன்னாரு."

"எவ்ளோ எழுதியிருக்காரு?"

"நாலு நோட்டு. நானூத்திப் பன்னெண்டு பக்கம்."

"நானூத்திப் பன்னெண்டு பக்கமும் நம்மளைப் பத்தியா!"

பதவி போனது எனக்கு மறந்தேபோனது. காப்பி அவ்வளவு நன்றாக இருந்தது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக என் வீட்டில் நான் சகலையைவிடப் பெரிய ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஏதோ யோசித்தாள்.

"நீங்களும் ஒரு நோட்டு எழுதினீங்கன்னு சொன்னீங்களே. அது எத்தனை பக்கம்?"

"நூத்திப் பத்து."

பாதிதான் குடித்திருந்தேன். அவள் எழுந்து என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"வயிறெரியறதுலகூடவா அவருக்குக் கீழே இருப்பீங்க?"